பதினொன்றாம் வரிசை, ஏழாவது பாட்டில்

பிப்ரவரி 3 – முதல் பாட்டில், 214 கிராம். திருப்பி அனுப்பப்பட்டது.
பிப்ரவரி 9 – அதே பாட்டில், 351 கிராம். ஏற்கப்பட்டது.
ஏப்ரல் 30 – மொத்தம் 287 பாட்டில், 101 கிலோ 300 கிராம்.
ஜூலை 18 – 640ஆவது பாட்டில், 398 கிராம். பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
செப்டம்பர் 12 – சுவர் முடிந்தது. 16 வரிசை.
அக்டோபர் 18 – கழித்தல் 1, கூட்டல் 1.

"உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல இடம் இருக்கு பாருங்க."

கண்டக்டர் இதைச் சொல்வது பயணிகளிடம் அல்ல. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குள் பிஸ்கட் உறைகளையும் பால் பாக்கெட்டுகளையும் ஒரு மரக்குச்சியால் திணித்துக்கொண்டிருக்கிறார். முப்பத்து நான்கு வருடம் பேருந்தில் கூட்டத்தை உள்ளே தள்ளியவர். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் தள்ளுவதை நிறுத்தவில்லை. பாட்டிலின் கழுத்துவரை உறைகள் ஏறிவிட்டால் மற்றவர்கள் மூடியைத் திருகிவிடுவார்கள். இவர் பாட்டிலைக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். ஏதாவது சலசலத்தால், "உள்ள காலியா வெச்சுக்கிட்டு படியில தொங்குறீங்களே" என்று உறைகளைக் கடிந்துகொண்டு மறுபடியும் குச்சியை எடுப்பார்.

உட்கார்ந்து திணிக்கமாட்டார். நாற்காலி போட்டாலும் அதன் முதுகில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, கால்களை அகட்டி ஊன்றித்தான் நிற்பார். தரை எந்த நேரமும் பிரேக் அடிக்கும் என்ற எச்சரிக்கை அவர் முழங்கால்களை விட்டு இன்னும் போகவில்லை. ரசீது, மருந்துச்சீட்டு, சலவைக்கடைத் துண்டு, எது கையில் வந்தாலும் நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்வார். சாப்பிட்டு முடித்தால் "ரைட்." விளக்கை அணைத்தால் "ரைட்." தெருவில் பாதிப் பேருக்கு அவர் ரைட்டு மாமா. மீதிப் பேருக்குக் கண்டக்டர்.

பாட்டில்களை எடை போடுவது அவர் மனைவி. ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளராக இருபத்தெட்டு வருடம் இருந்தவர். திராவகத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்த கை. பழைய டயர் கடையின் காலிக் கூடத்தில் ஒரு மேசை, மேசைமேல் சமையலறைத் தராசு, பக்கத்தில் நீல அட்டை போட்ட நோட்டு. முன்னூற்று ஐம்பது கிராமுக்கு ஒரு கிராம் குறைந்தாலும் பாட்டில் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பட்டியலில் முதலில் இருக்கிற 214 கிராம் பாட்டில் கண்டக்டருடையது. "முதல் போணிய திருப்பி அனுப்புறியே" என்று கேட்டதற்கு, "போணி இருக்கட்டும்ங்க, பாட்டில்ல பாதி காத்து" என்று பதில் வந்தது.

இத்தனை பாட்டிலும் எதற்கு என்றால், பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் ஒரு நிழற்கூடம் கட்டத்தான். அங்கே இருந்த மரத்தைச் சாலை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது ஒரு விளக்குக் கம்பம். வெயில் காலத்தில் அந்தக் கம்பத்தின் நிழலில் பதினோரு பேர் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். நிழல் நகர நகர வரிசையும் கடிகார முள் போல நகரும். தெருவில் சாக்கடையை அடைத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக்கைப் பாட்டிலில் இறுக்கி, செங்கல்லுக்குப் பதில் அடுக்கி, மேலே மண்ணும் சுண்ணாம்பும் பூசினால் சுவர் நிற்கும் என்று எங்கோ பார்த்துவிட்டு வந்து சொன்னவர் கண்டக்டரின் மனைவி. சாலை அலுவலகத்துக்கு மனுப்போட்டு அலைந்தவர் கண்டக்டர். கட்டிக்கொள்ளலாம், பொறியாளர் வந்து பார்க்கும்போது விரிசலோ சாய்வோ இருந்தால் பதினைந்து நாளில் இடித்து அப்புறப்படுத்த வேண்டும் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் நீளவாக்கில் மடித்தே வைத்திருக்கிறார்.

மூன்று விதிகள். உறையைக் கழுவ வேண்டும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கொடியில் மாட்ட வேண்டும். மூன்று நாள் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு அடைத்தால் பாட்டிலுக்குள்ளேயே அழுகிக் காற்று கட்டும் என்று மனைவி எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார். அவர் சொன்னதை வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்தியவரும் கண்டக்டர்தான். பால்காரம்மாவிடம் மட்டும் பாடம் எடுபடவில்லை.

"எனக்கா சொல்றீங்க கண்டக்டரய்யா? பால் பாத்திரம் கழுவுற கை இது. நீங்க கொண்டு வர்ற கவர்லதான் இன்னும் மிக்சர் ஒட்டிக்கிட்டிருக்கு."

ஜூலை மாத நடுவில் நிலவரம் இப்படி: பால்காரம்மா 62 பாட்டில், கண்டக்டர் 62 பாட்டில். சுவருக்குத் தேவையான 640இல் இன்னும் ஒன்றுதான் பாக்கி. "முடிக்கிற பாட்டில் நம்ம கையாலதான்" என்று கண்டக்டர் டீக்கடையில் சொல்லிவிட்டார். சொன்னபோது பால்காரம்மா அங்கேதான் இருந்தார். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அது கண்டக்டருக்குக் கவலையாக இருந்தது.

பதினெட்டாம் தேதி மாலை கண்டக்டர் பாட்டிலோடு வந்து நின்றார். பால்காரம்மா வந்தது பத்து நிமிடம் கழித்து. தராசு 398 காட்டியது. மனைவி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுவரைக்கும் யாரும் 360ஐத் தாண்டலையே. இது எப்படிங்க 398?"

"அழுத்தம்" என்றார் கண்டக்டர். "முப்பத்தி நாலு வருஷம் கூட்டத்தை அழுத்தின கை."

மனைவி எடையை எழுதினார். பக்கத்தில் பென்சிலால் சின்னதாகக் கேள்விக்குறி போட்டார். பால்காரம்மாவின் 356 கிராம் பாட்டில் கணக்கில் சேராமல் மேசைக்குக் கீழே போயிற்று. சுவர் எழும்பும்போது தன் பாட்டில் கண்ணுக்கு நேராக வரவேண்டும் என்று கொத்தனாரை நச்சரித்து, பதினொன்றாம் வரிசையில் ஏழாவது இடத்தில் வைக்கச் செய்தார் கண்டக்டர். எந்த இடத்தில் எந்த எண் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டு வைத்தார் மனைவி. அது ஆய்வகத்துப் பழக்கம்.

செப்டம்பரில் சுவர் முடிந்தது. உட்காரும் மேடையும் தகரக் கூரையும் அமைந்தன. ஆனால் கண்டக்டர் யாரையும் உள்ளே விடவில்லை. இரண்டு தூணுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டினார். "இன்னும் உத்தரவு வரல. வண்டி எடுக்காம யாரும் ஏறக்கூடாது." ஆகவே அழகான நிழற்கூடம் ஒன்று காலியாக நிற்க, அதற்கு எட்டடி தள்ளிப் பதினோரு பேர் கம்பத்தின் நிழலில் வரிசையாக நின்றார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் அச்சில் போட முடியாது.

பொறியாளர் அக்டோபர் இருபதாம் தேதி வருகிறார் என்று தகவல் வந்தது. பதினேழாம் தேதி காலை பூச்சில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புடைப்பும், அதன் நடுவே முடிபோல ஒரு விரிசலும் தெரிந்தன.

கண்டக்டர் முதலில் மணலைக் குறை சொன்னார். பிறகு பேருந்து திரும்பும்போது வரும் அதிர்வைச் சொன்னார். கொத்தனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "உள்ள ஏதோ பாட்டில் உப்பியிருக்குண்ணே" என்றார். கண்டக்டரின் முகம் தெளிந்தது.

"அப்படிச் சொல்லு. அந்தப் பால்காரம்மா பாட்டிலா இருக்கும். நான் அப்பவே நினைச்சேன். நோட்டை எடு."

மனைவி கடைசிப் பக்கத்தைத் திறந்தார். விரலை வைத்து வரிசை எண்ணினார். பதினொன்று. இடம் எண்ணினார். ஏழு. பிறகு ஜூலை பதினெட்டுக்குப் புரட்டி, நோட்டைக் கணவர் பக்கம் திருப்பிவைத்தார். பென்சில் கேள்விக்குறி லேசாக அழிந்திருந்தாலும் தெரிந்தது.

"அன்னைக்குக் காலையிலதான் ஒரு கூடை கவரைக் கழுவிக் கொடியில போட்டேன். சாயங்காலம் கொடி காலி. அணில் தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னீங்க."

அவருடைய முதல் 351ஐவிடக் கூடுதலாக ஏறியிருந்த நாற்பத்தேழு கிராம் தண்ணீர் கண்டக்டரின் வாயை அடைத்துவிட்டது.

கொத்தனார் இரக்க குணம் உள்ளவர். "விடுங்கண்ணே. மேல ஒரு பூச்சுப் பூசி, பஸ் நேரப் பலகையை அதுமேல மாட்டிடலாம். அந்த சார் பலகையைத் தூக்கியா பார்க்கப் போறாரு? பிரிச்சோம்னா பூச்சு காயாது. ஈரத்தைப் பார்த்தா அதுக்கே இடின்னு எழுதிடுவாரு."

சொன்னதில் பிழை இல்லை. ஒன்பது மாத வேலை, 226 கிலோ பிளாஸ்டிக், பதினோரு பேர் நிற்க ஒரு நிழல். எல்லாவற்றையும் ஒரு பலகை காப்பாற்றிவிடும். கண்டக்டர் பலகையைக் கையில் எடுத்துச் சுவரில் வைத்துக்கூடப் பார்த்தார். கச்சிதமாக மறைத்தது.

"அளவு சரியா இருக்கே" என்றார் மனைவி. "மொட்டை வெயில்ல, நிறுத்தமே இல்லாத இடத்துல என் தம்பியை இறக்கி விட்டீங்களே, ஞாபகம் இருக்கா? அவன் பர்ஸை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டான், அவ்வளவுதான். மச்சான்னும் பார்க்கல."

"அதுக்குத்தான் நீ பதினோரு நாள் பேசாம இருந்தியே."

"பன்னெண்டு. என் தம்பிக்கு ஒரு சட்டம், உங்க பாட்டிலுக்கு ஒரு சட்டமா?"

கண்டக்டர் பலகையைக் கீழே வைத்தார். அன்று முழுக்க அவர் வாயிலிருந்து ஒரு 'ரைட்' கூட வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, கொத்தனார் வருவதற்குள் அவரே உளியும் சுத்தியலுமாகச் சுவரின் முன் நின்றார். வழக்கம்போலக் கால்களை அகட்டி. பக்கத்துப் பாட்டில்கள் அசையாதபடி மண்ணை விரலால் தோண்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பல்வலிக்காரனின் கன்னம்போல உப்பியிருந்த பாட்டில் வெளியே வந்தது. மூடியை அரைத் திருகு திருகியதும் புஸ்ஸென்று காற்று கிளம்பி, கூடவே வந்த வாசனைக்கு, அதற்குள் வந்து கூடியிருந்த மனைவி, கொத்தனார், பால்காரம்மா எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

"இதுதாங்க உங்க அழுத்தம்" என்றார் மனைவி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஓட்டையை அடைக்க ஒரு பாட்டில் வேண்டும். காய்ந்ததாக, எடை சரியானதாக, கையோடு இருப்பதாக. அப்படி ஒன்றுதான் இருந்தது, மேசைக்குக் கீழே. பால்காரம்மா அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்து, ஓட்டையின் முன் நின்று, பணிவாகக் கேட்டார்:

"ஏறலாமா கண்டக்டரய்யா? நடுவுல இடம் இருக்கா?"

கண்டக்டர் ஒதுங்கி வழிவிட்டார். "ஏறுங்கம்மா" என்றார். குரல் தரையைப் பார்த்துப் போயிற்று.

இருபதாம் தேதி பொறியாளர் ரசமட்டமும் சின்னச் சுத்தியலுமாக வந்தார். பதினாறு வரிசையையும் தட்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். "இங்க மட்டும் ஏன் ஈரம்?"

"அது வந்து சார், மழை..." என்று கொத்தனார் வானத்தைக் காட்டினார். வானத்தில் மேகமே இல்லை.

கண்டக்டர் முன்னால் வந்து உப்பிய பாட்டிலை நீட்டினார். "இவர் டிக்கெட் இல்லாம ஏறிட்டாரு சார். நேத்தைக்கு முந்தின நாள் கண்டுபிடிச்சு இறக்கிட்டேன்."

பொறியாளர் சிரிக்கவில்லை. "யார் செஞ்ச பாட்டில்?"

"நான்தான் சார்."

"மத்த 639?"

மனைவி நீல நோட்டைக் கொடுத்தார். பொறியாளர் கம்பத்தின் நிழலில் நின்றபடி நாற்பது நிமிடம் அதைப் படித்தார். வரிசையில் நின்றவர்கள் அவருக்காக நகர்ந்து நகர்ந்து இடம் விட்டார்கள். மொத்த நோட்டிலும் ஒரே ஒரு கேள்விக்குறிதான் இருக்கிறது என்பதை அவரும் எண்ணியிருக்க வேண்டும். பாட்டிலை ஒரு பையில் போட்டுக்கொண்டு, "கடிதம் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு இருபது நாள் கண்டக்டர் கயிற்றைக் காவல் காத்தார். தினமும் காலை ஆறரைக்கு வந்து பூச்சைத் தொட்டுப் பார்ப்பார். தூணில் யாராவது சாய்ந்தால், "சாயாதீங்க, இன்னும் உத்தரவு வரல" என்பார். வீட்டில் கொடியில் மாட்டிய உறைகளை அவரே உள்பக்கம் திருப்பினார். ஒவ்வொன்றிலும் கழுவிய தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கிளிப்பில் செருகிவைத்தார். மனைவி பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

கடிதம் நிறுத்தத்துக்கே வந்தது. தபால்காரரும் அந்தப் பேருந்தில்தான் வருவார். கண்டக்டர் உறையைப் பிரிக்காமல் மனைவியிடம் கொடுத்தார். மனைவி சத்தமாகப் படித்தார்: சுவர் உறுதியாக உள்ளது, நிழற்கூடம் நிலையாக இருக்கலாம், இனிச் செய்யும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் எடையோடு உலர்த்திய நாட்களையும் குறித்துவைக்க வேண்டும். கடைசி வரியைப் படிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் கூடுதலாகவே உயர்ந்தது.

கண்டக்டர் கயிற்றை அவிழ்த்தார். கம்பத்து நிழலில் நின்ற பதினோரு பேரும் உள்ளே போனார்கள். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. சொன்னார். மேடையில் இன்னும் ஒருவருக்கு இடமிருந்தது. பால்காரம்மா நகர்ந்து காட்டியும் அவர் உட்காரவில்லை. கடிதத்தை வாங்கி நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டார். பதினொன்றாம் வரிசையில் ஏழாவது இடம் எங்கே என்று கண்ணாலேயே எண்ணி, வண்டியைக் கிளப்புகிறவர்போல அந்த இடத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

கடிதம் வந்தது நவம்பர் 9, திங்கட்கிழமை.