எந்த போட்டு மீனு அது?

போன வருஷம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. திருவொற்றியூர் மெயின் ரோட்டில் அப்போதுதான் ஒரு சுஷி கடை திறந்திருந்தார்கள். சுஷி என்றால் ஜப்பான்காரர்கள் சாப்பாடு. சோற்றைச் சின்னதாகப் பிடித்து, அதன் மேல் சமைக்காத மீனை ஒரு துண்டு வைத்துத் தருவார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் கடையைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண் இரண்டு முறை போய்விட்டு வந்து, செம டேஸ்ட் என்றாள். எதிர்ச் சந்து ஆட்டோக்காரரோ, "ஆறிப்போன சோறு, அவிக்காத மீனு, அதுக்கு ஏசி வேற" என்று பாதியில் எழுந்து வந்து பரோட்டா சாப்பிட்டாராம்.

நான் மீன் விற்கிறவள். காசிமேடு துறைமுக மீன் மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். மீன்காரி பத்திரிகைக்கு எழுதுவாளா என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது பாஸ் செய்தவள் நான். மீன் மடித்துக் கொடுக்க வாங்கும் பழைய பத்திரிகைகளை ஒரு பக்கம் விடாமல் படித்துவிட்டுத்தான் கிழிப்பேன்.

அந்தக் கடைக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. என் தங்கையைப் பெண் பார்க்க அங்கே வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா, அம்மா போன பிறகு அவளை வளர்த்துப் படிக்க வைத்தது நானும் என் வீட்டுக்காரரும்தான். இன்ஜினியரிங் முடித்துவிட்டு அம்பத்தூரில் வேலை பார்க்கிறாள். பையன் வீடு பெரம்பூர். பையனின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். வீட்டில் பஜ்ஜி, கேசரி எல்லாம் வேண்டாம், வெளியே சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்று பையன் சொன்னானாம். அவன் கம்பெனி ஜப்பான்காரர்களுடையது. அதனால் அவனுக்கு அந்தச் சாப்பாடு பழக்கம்.

முந்தின நாள் சாயங்காலம் தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, பயோடேட்டால சீ ஃபுட் எக்ஸ்போர்ட்டுனு போட்டுக்கீறேன். கேட்டா அப்படியே சொல்லிடு. மார்க்கெட்டு பத்தி ஒண்ணும் பேசாத."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பையன் நல்ல பையன், போனில் பேசியதில் அவளுக்கும் பிடித்திருந்தது. என்னால் அது கெட்டுப் போனால் என்ற பயம் வந்துவிட்டது. எதிர்க்கடை மீன்காரியோடு நடுரோட்டில் சண்டை போட்டு ஜெயிக்கிறவள் நான். அன்றைக்கு, "சரி, வுடு" என்று தலையை ஆட்டினேன். மீன் வாடை போக எலுமிச்சம்பழத்தை வைத்துக் கையைத் தேய் தேய் என்று தேய்த்தேன்.

மறுநாள் கடை வாசலிலேயே எனக்குச் சோதனை. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. "இன்றைய ஸ்பெஷல்: சூரை. இன்று காலை காசிமேடு விசைப்படகில் பிடித்தது" என்று சாக்பீஸில் எழுதியிருந்தார்கள்.

மே மாதம் தடைக்காலம். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை, மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று எங்கள் கடலில் விசைப்படகு போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். என் வீட்டுக்காரர் போகிற படகும் அங்கேதான் கிடந்தது. அவர், பச்சை மீனெல்லாம் தனக்கு ஆகாது என்று எங்களோடு வராமல் வீட்டில் டிவி முன்னால் கிடந்தார். நானே அப்போது கேரளாவிலிருந்து லாரியில் வரும் மீனைத்தான் விற்றுக்கொண்டிருந்தேன். கேட்பவர்களிடம் லாரி மீன் என்று சொல்லித்தான் விற்பேன். ஐஸ் மீனை அன்றைக்குப் பிடித்த மீன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பலகையைப் பார்த்ததும் வாய் துறுதுறுவென்றது. தங்கை என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். பேசாமல் உள்ளே போனேன்.

பையன், அவன் அம்மா, அவன் அப்பா மூன்று பேரும் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அளந்து பேசுகிறவர். அப்பா நேர் எதிர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. "மீனுனா உயிரும்மா எனக்கு. பச்சையா குடுத்தா இன்னா, அதையும் ஒரு கை பாத்துடலாம்" என்று சிரித்தார். அவரை எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

பையனின் அம்மா என்னைப் பார்த்து, "எக்ஸ்போர்ட்டுன்னு சொன்னாங்க. எந்தெந்த நாட்டுக்கு அனுப்புறீங்க?" என்று கேட்டார்.

"சிங்கப்பூரு" என்று சொன்னேன். எங்கிருந்து வந்தது அந்த ஊர் என்று எனக்கே தெரியாது. மலேசியாவையும் சேர்த்துக்கொண்டாள் என் தங்கை. அந்த அம்மா, "பரவாயில்லையே" என்று தலையசைத்தார். எனக்கு ஏசியிலும் முதுகெல்லாம் வேர்த்தது.

தட்டுகள் வந்தன. சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன், சால்மன் என்றார்கள். அதை வாயில் போட்டேன், வெண்ணெயாகக் கரைந்தது. மாவில் தோய்த்துப் பொரித்த இறால் எங்கள் வீட்டு இறாலைவிட மொறுமொறுப்பு. ஆட்டோக்காரருக்கு நாக்கே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து மேசையில் ஒரு இளஞ்ஜோடி ஒவ்வொரு துண்டையும் போட்டோ எடுத்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பையனின் அப்பா, சாப்பிடக் கொடுத்த குச்சியோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் கையாலேயே எடுக்க ஆரம்பித்தார். சூரைத் தட்டு அவர் பக்கம்தான் இருந்தது.

எனக்கும் ஒரு துண்டு வைத்தார்கள். சூரை நல்ல செக்கச்செவேலென்று இருக்க வேண்டும். இது ஓரத்தில் பழுப்படித்திருந்தது. ஒரு நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். மிளகு கடித்தது போல நுனி நாக்கு குறுகுறுவென்று அரித்தது.

சூரையை விற்கிறவளுக்கு அந்த அரிப்பு என்னவென்று தெரியும். வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே சூரை உள்ளே கெட்டுவிடும். நாற்றம் அடிக்காது, ஆனால் நாக்கு சொல்லிவிடும். அதற்குப் பிறகு அதை ஐஸில் போட்டாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. தின்றால் முகம் சிவந்து உடம்பெல்லாம் தடித்துப்போகும், சிலருக்கு மூச்சு வாங்கும்.

அந்தப் பெரியவர் அடுத்த துண்டை எடுத்து வாய் அருகே கொண்டுபோனார். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் பையனோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. வாயைத் திறந்தால் அது போய்விடும் என்று தெரிந்தது. திறக்காவிட்டால் அந்த மனிதர் தின்றுவிடுவார்.

"சார், அத்த துன்னாதீங்க! கீழ வெய்யுங்க!"

என் மார்க்கெட் குரல் அப்படியே வந்துவிட்டது. கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் ஓடி வந்தார்.

"என்ன பிராப்ளம் மேடம்?"

"சூரை கெட்டுப்போய்க்கீது தம்பி. நாக்கு அரிக்குது."

அவர் சிரித்தார். "அது வசாபி மேடம். இந்தப் பச்சைக் கலர் காரப் பேஸ்ட். முதல் தடவை சாப்பிடறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

"பச்சைய நான் தொடவேயில்ல. தோ பாரு, வெச்சது வெச்சபடி கீது."

பக்கத்து மேசைப் பையன், "நாங்க நாலு தடவை வந்திருக்கோம் ஆன்ட்டி, நல்லாதான் இருக்கு. இதெல்லாம் சாப்பிட்டுப் பழகணும்" என்று எனக்குப் பாடம் எடுத்தான். மேசைக்கு அடியில் தங்கை என் காலை மிதித்தாள். மேனேஜர் குரலைத் தாழ்த்தி, "மேடம், உங்களுக்குப் பிடிக்கலைன்னா பரவாயில்ல. மத்த கஸ்டமரைப் பயமுறுத்தாதீங்க. இது இன்னிக்குக் காலையில காசிமேட்டுல பிடிச்ச ஃப்ரெஷ் மீன்" என்றார்.

அங்கேதான் எனக்குப் பொறுமை போனது. எழுந்து நின்றேன்.

"எந்த போட்டு மீனு அது? போட்டு பேர சொல்லு. தடைக்காலம் நடந்துகினு கீது, அத்தினி போட்டும் கரையில கட்டிக் கெடக்குது. என் வூட்டுக்காரரு வூட்ல குந்திகினு கீறாரு. உனக்கு மட்டும் எவன் போயி சூரை புட்ச்சிக்கினு வந்தான்? நைனா, இருபத்தோரு வருசமா காசிமேட்ல மீன் விக்கிறேன் நான். எங்கிட்டயே காசிமேட்டு மீன் கதை சொல்றியா?"

மேனேஜர் சமையல் பக்கம் திரும்பிப் பார்த்தார். தடுப்புக்குப் பின்னால் மீன் அறுத்துக்கொண்டிருந்த சமையல்காரர் வெளியே வந்தார். வடகிழக்கு மாநிலத்துக்காரர், முப்பது வயதிருக்கும். "ஐஸ்ல கெடந்த மீனத்தானே குடுக்கிறீங்க?" என்று அவரிடமும் பாய்ந்தேன்.

அவர் கோபப்படவில்லை. "ஐஸ் வேணும் அக்கா. பச்சை சாப்பிட ஃப்ரீசர் வேணும். மீன் உள்ள பூச்சி சாகும்" என்றார். அது எனக்குத் தெரியாத விஷயம். அந்த இடத்தில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் என் தட்டிலிருந்து ஒரு நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்தார், நான் வைத்த அதே மாதிரி. உடனே துடைக்கும் தாளில் துப்பினார். மேனேஜரைப் பார்த்து, "நைட் கரண்ட் இல்ல, ஃப்ரீசர் நின்னு போச்சு. சூரை வேணாம், நான் சொன்னேன்" என்றார். பிறகு எல்லா மேசையிலிருந்தும் சூரைத் துண்டுகளை அவரே பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். பாடம் எடுத்த பையன் தன் தட்டைத் தானே நீட்டினான். "அந்த ஆரஞ்சு மீனு நல்லாக்கீது, அத்த துன்னு" என்று அவனுக்குச் சொன்னேன்.

எங்கள் மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். பையனின் அம்மா கைக்குட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"மார்க்கெட்ல விக்கிறீங்களா? அப்ப சிங்கப்பூர்?"

"சிங்கப்பூரு இல்லம்மா. கூடையில வெச்சி விக்கிறேன்" என்றேன்.

தங்கை தலை நிமிரவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள் தரகர் போன் செய்து, ஜாதகம் ஒத்து வரவில்லை என்றார். "வாய மூடிக்கினு ஒரு மணி நேரம் குந்த முடியலையா உன்னால?" என்று தங்கை கேட்டாள். முடியவில்லை என்றுதான் சொன்னேன். ஆனாலும், அவள் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ என்று கூடை முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட நாட்கள் உண்டு.

ஜூன் பாதியில் தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பின. முதல் ஞாயிறு, மார்க்கெட்டில் நிற்க இடமில்லாத கூட்டம். அதில் ஒயர் கூடையும் வெள்ளை வேட்டியுமாக ஒருவர் ஒவ்வொரு மீன்காரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பையனின் அப்பா. என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தார்.

"உன்ன கண்டுபுடிக்க அரை மணி நேரம் ஆச்சும்மா. அன்னிக்கு நீ சொல்றதுக்கு முன்னாடியே ரெண்டு துண்டு துன்னுட்டேன். வூட்டுக்குப் போறதுக்குள்ள மூஞ்சி எல்லாம் செவந்து, உடம்பு பூரா தடிப்பு. டாக்டரு ஊசி போட்டுட்டு, சூரை துன்னியானு கேட்டாரு. மொத்த தட்டையும் துன்னுருந்தா இன்னா ஆயிருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

நான் அவரை ஐஸ் பெட்டி மேல் உட்கார வைத்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன், மீன் விற்பது அவ்வளவு கேவலமா என்று. அவர் ஒயர் கூடையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"மீனுக்காக இல்லம்மா. இத்த மறைச்சாங்கன்னா இன்னும் எத்தினி மறைப்பாங்கன்னு வூட்ல கேக்கறாங்க. அதுக்கு எங்கிட்ட பதிலு இல்ல."

அந்த அம்மா உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாரா, சாக்குச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கடைசிவரை தெரியப்போவதும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். நல்ல வஞ்சிரமாகப் பார்த்து, செவுளைத் தூக்கிக் காட்டி, வெட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் ஒன்று விடாமல் சொன்னேன். மறுநாள் போனை என்னிடம் நீட்டினாள். பயோடேட்டாவில் எக்ஸ்போர்ட் இருந்த இடத்தில், "அக்கா: மீன் வியாபாரம், காசிமேடு" என்று மாற்றியிருந்தாள். தரகர் பதறிக்கொண்டு வந்து, இதைப் போட்டால் வரன் வராது என்றார். "வராதவங்க வராமலே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று வரன்கள் அந்த வரியோடு நின்றுபோயின. அவள் அழிக்கவில்லை. நானும் அழிக்கச் சொல்லவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு வாசல் ஏறுகிறவன் வந்தால் போதும் எங்களுக்கு.

இப்போதும் அந்தக் கடை வழியாகப் போகிறேன். பலகையில் காசிமேடு இல்லை, மீன் பெயர் மட்டும்தான் எழுதுகிறார்கள். நன்றாக இருக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள், பரோட்டாவுக்கு ஓடுபவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்கு நான் கத்தியதற்காக ஒருபோதும் வருத்தப்பட மாட்டேன், இன்னொரு முறை நடந்தாலும் அதே குரலில்தான் கத்துவேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் விற்ற ஒரே கெட்ட மீன், அந்த அம்மாவிடம் சொன்ன சிங்கப்பூர்தான். அதை இனி யாருக்காகவும் கூடையில் வைக்க மாட்டேன்.