பட்டைக் கொட்டகையில் காடைக் குஞ்சுகள்

குழம்புக்கு வந்த காடைகள் அவை. அப்போது ஆம்பூரில் என் வீட்டுக்காரர் ஒரு தோல் கிடங்கில் மேஸ்திரி. கிடங்குக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒருநாள், திமிரிப் பக்கம் வலை போட்டுப் பிடித்த காடைகளைக் காலைக் கட்டிக் கொத்தாகக் கொண்டுவந்தார். மசாலா அரைத்தாயிற்று. அந்தக் கொத்தில் ஒரு சேவல், மார்பில் மை கொட்டிய மாதிரிக் கறுப்புத் திட்டோடு, கால் கட்டோடேயே என்னிடம் சண்டைக்கு நின்றது. அதையும் ஒரு பெட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைச் சமைத்தேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

காடை பயந்தால் ஓடாது, நேராக மேலே எகிறும். கூடையில் விட்டிருந்தபோது எகிறி எகிறி இரண்டும் தலையைக் காயமாக்கிக்கொண்டன. அதனால் கிணற்றடியை ஒட்டி, ஒரு ஆள் உள்ளே போய் உட்காரும் அளவுக்குப் பெரிய கூண்டாகவே கட்டச் சொன்னேன். பக்கமெல்லாம் கம்பி வலை, மேலே பழைய சாக்குத் துணி. எவ்வளவு எகிறினாலும் சாக்கில் முட்டித் திரும்பிவிடும். தரையில் மண் கொட்டி, ஒரு ஓரமாகக் கோரைப்புல்லைப் பெயர்த்து வந்து நட்டேன். கம்பும் சாமையும் போட்டேன். புற்றைக் கிளறி எடுத்த கரையானைப் போட்டால் என் கைமேலேயே ஏறி நின்று தின்னும்.

கிடங்கு முதலாளி காடைச் சண்டையில் பெரிய ஆள். ஒரு தடவை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, குஞ்சு எடுக்கப்போறியா? காட்டுக் காடை கூண்டுல முட்டை வச்சாலும் அடையில உக்காராது. பேஜார் புடிச்ச வேலை" என்றார்.

"உக்காரும் மொதலாளி. புல்லு இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்றேன்.

உட்கார்ந்தது. மழைக்காலத்தில் புல் அடர்ந்ததும், அதன் அடியில் சின்னக் குழி பறித்து, புள்ளி போட்ட முட்டைகளை இட்டு, அசையாமல் அடைகாத்தது பெட்டை. நான் அந்தப் பக்கம் தண்ணீர் வைக்கப் போவதோடு சரி. வேறு யாரையும் கிட்டே விடவில்லை.

குஞ்சுகள் பொரிந்தன. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நுனி அளவுதான். ஈரம் காய்ந்த உடனே ஓடின. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பெட்டை மட்டும் வலையோரமாக அலைந்துகொண்டிருக்கிறது. ஒரு குஞ்சுகூட இல்லை. கீரி வந்திருந்தால் பெட்டையை விட்டிருக்குமா? அப்புறம்தான் வலையின் கண்ணுக்குள் என் கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போயிற்று. பெரிய காடைக்குப் பார்த்துப் பார்த்து வாங்கிய வலை, குஞ்சுக்கு வாசற்படி மாதிரி இருந்திருக்கிறது.

தண்ணீர் போகும் துவாரம் வழியாகச் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். அந்தப் பக்கம் பட்டைக் கொட்டகை. தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டையை மலைபோல் குவித்துவைத்துப் பெண்கள் உலக்கையால் இடிப்பார்கள். உலக்கைச் சத்தம் தொடங்கிவிட்டது.

பெட்டையை ஒரு கூடையில் போட்டு மூடிக்கொண்டு ஓடினேன். கொட்டகைக்குள் நுழைந்து, "இடிக்காதீங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன். உலக்கைகள் நின்றன.

என் வீட்டுக்காரர் வந்தார். "இன்னா பண்ற நீ? தோலு தொட்டியில காத்துக்கினு இருக்குது. மொதலாளி கேட்டா நான் இன்னா சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன். நீங்க கொஞ்சம் சும்மா நில்லுங்க."

கூடையைப் பட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். பெட்டை ஒரு மாதிரி மெல்லிசாகக் குரல் கொடுத்தது. பதில் இல்லை. மறுபடியும் கொடுத்தது. குவியலுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். பட்டைத் துண்டுகளுக்கு நடுவிலிருந்து, பட்டை நிறத்திலேயே, ஒரு குஞ்சு வெளியே வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. உலக்கைக்கு அடியிலிருந்துகூட ஒன்று வந்தது. அந்த உலக்கையைப் பிடித்திருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்ததையெல்லாம் முந்தானையில் அள்ளிக்கொண்டேன். ஒன்று மட்டும் வரவே இல்லை.

திரும்பிப் பார்த்தால் முதலாளி பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தாரோ.

"வேலைய நிறுத்தினது நான்தான் மொதலாளி" என்றேன்.

"பாத்தேன்" என்றார். என் முந்தானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு சேவல் எனக்குக் குடும்மா. வேலூர்ல எவன்கிட்டயும் இப்படி இருக்காது."

"சண்டைக்குத் தரமாட்டேன். வளக்கறதா இருந்தா ஜோடியா எடுத்துக்குங்க."

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துப்போயிற்று. முதலாளி சிரித்துவிட்டார். குஞ்சுகள் பெரிதானதும் ஒரு ஜோடியை அவர் வீட்டுக்கு அனுப்பினேன்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் வீட்டு ஜட்கா வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. அவருடைய மனைவி கூப்பிட்டனுப்பியிருந்தார். பெண்கள் வெளி ஆட்கள் கண்ணில் படாத கோஷா வீடு அது. நான் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. முற்றத்துக் கூண்டுப் பக்கத்திலேயே ஒரு பாயை விரித்து உட்கார்ந்திருந்தார் அந்தம்மா.

"முட்டை வச்சிருக்குது. உக்காரவே மாட்டேங்குது. இன்னா செய்யட்டும்?" என்றார்.

கூண்டில் புல் அடர்த்தியாகத்தான் இருந்தது. "மொதல்ல பக்கத்துல யாரும் உக்காந்து பாக்கக் கூடாதும்மா."

"நானுமா?"

"நீங்கதான் மொதல்ல எழுந்துக்கணும்."

சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்டினார். அன்றைக்கு உள்ளறையில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பேசினோம். அதற்கப்புறம் அந்த ஜட்கா அடிக்கடி வந்தது. இரண்டு வருஷத்தில் என்னிடம் இருந்ததைவிட அவரிடம் காடைகள் ஜாஸ்தியாகிவிட்டன. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.