நைலக்ஸ் சேலை

கருகிய துணிக்கு ஒரு வாடை உண்டு. எத்தனை முறை கை கழுவினாலும் நகக்கண்ணில் தங்கிவிடும். நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த வருஷம், வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா செல்வி தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து மறுநாளே இறந்துபோனாள். அவள் உடம்பிலிருந்து எடுத்த, கரியேறிச் சுருண்ட சேலைத் துண்டைக் காகிதத்தில் சுற்றி ஆயா ஒருத்தி அம்மாவிடம் கொடுத்திருந்தாள்.

"நைலக்ஸ் சேலையக் கட்டிக்கிட்டு ஸ்டவ்வப் பத்த வச்சிருக்கா, அப்படியே உருகி ஒட்டிருச்சு" என்று பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அக்காவின் மாமியார் சொன்னாள். போலீசும் அதையே எழுதிக்கொண்டது.

எனக்கு அது உறுத்தியது. பஞ்சு, கம்பளி, நைலான் இழைகளைப் பள்ளி ஆய்வகத்து மைக்ராஸ்கோப்பில் அந்த மாதம்தான் பார்த்திருந்தோம். அம்மாவின் பெட்டியிலிருந்து துண்டை எடுத்துப்போய், டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, கருகாத ஓரத்தில் ஓர் இழையைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். நைலக்ஸ் நைலான் துணிதான்; அதன் இழை வழவழப்பான கண்ணாடிக் குச்சிபோலத் தெரிய வேண்டும். தெரிந்ததோ, சப்பையாகி அங்கங்கே முறுக்கிக்கொண்ட நாடா. பஞ்சு. கருகிய முனையில் உருகித் திரண்ட உருண்டை ஒன்றுகூட இல்லை. அக்காவின் மாமியார் வீட்டார் ஒரு சாவைப் பற்றி வீடு தேடி வந்து பொய் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டிலேயே காப்பியும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஓடிவந்து அம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தொட்டவுடனேயே தெரியும்டி. தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்த சுங்குடி நூல் சேலை அது."

அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. ஸ்டேஷனுக்குப் போவோம் என்று நான் கத்தியபோது அவர் கதவைச் சாத்தினார்.

"கேசு, கோர்ட்டுன்னு அலைஞ்சா நாளைக்கு உன்னைய எவன் கட்டுவான்?"

ஆக, அக்காவின் சாவை மூடிவைக்க என் கல்யாணம் வேண்டியிருந்தது. மறுநாள் அந்தத் துண்டும் அடுப்புக்குள் போயிருந்தது. அம்மாவோடு வெகுநாள் நான் பேசவில்லை.

இன்று அந்த வீடு இல்லை, ஆய்வகம் இருந்த கட்டடம் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. வருஷம் திரும்புவதற்குள் வேறொருத்தியைக் கட்டிக்கொண்ட அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கிறார். போன தையில் ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் இலையில் உட்கார்ந்து, "நல்லாருக்கியாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"எங்கக்கா கட்டியிருந்தது நைலக்ஸ் இல்ல, நூல் சேலை" என்றேன், பந்தி மொத்தமும் கேட்கிற குரலில்.

அவர் இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனார். சுற்றியிருந்தவர்கள் ஒருவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. பரிமாறுகிறவர் வந்து எனக்கு ரசம் வேண்டுமா என்றார்.