வார்னிஷ் பூசிய ஹெட்லைட்

வார்னிஷ்காரருக்கு ஒரு வியாதி உண்டு. பளபளக்காத பொருள் எதைப் பார்த்தாலும் அது தன் கைக்கு வரவேண்டியதுதான் என்று நினைப்பார். கதவு, கட்டில், மேஜை என்று காலமெல்லாம் மினுக்கிய கை, சும்மா இருக்குமா? வீட்டுக் காரின் ஹெட்லைட் இரண்டும் புரைவிழுந்த கண்போல மங்கிக் கிடந்தன. ராத்திரி டியூட்டிக்கு அந்தக் காரில் போகும் அவர் மனைவி நர்ஸ். போன வாரம் இருட்டில் ஒரு சைக்கிள்காரரை இடிக்கப் பார்த்துவிட்டு, வீடு வந்து சேர்ந்தாள். இன்றைக்கு அவள் கிளம்புவதற்குள் சரிசெய்து தருவதாக இவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மெக்கானிக்காக இருக்கும் மச்சினன் போனில் சொல்லத்தான் செய்தான். "மாமா, அது பிளாஸ்டிக்கு. தண்ணி விட்டுத்தான் தேய்க்கணும். இல்லன்னா விடுங்க, நான் வந்து பாக்கறேன்."

"உப்புத்தாள் பிடிக்க எனக்கே சொல்லித்தர்றியா?" என்று போனை வைத்துவிட்டார்.

தண்ணீர் பட்டால் மரத்தில் நார் எழும்பும். அவர் தொழிலில் அதுதான் முதல் பாடம். அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. காய்ந்த உப்புத்தாளால், மரத்தின் ரேகையை ஒட்டித் தேய்ப்பதுபோல ஒரே திசையில் இழுத்தார். பிளாஸ்டிக்கில் ஏது ரேகை? வெள்ளைத் தூள் கொட்டியது, விளக்கு முழுக்கக் கோடு விழுந்தது. இன்னும் நைசான உப்புத்தாளுக்கு மாறினார். கோடு போகவில்லை, இடுப்புதான் போனது. "சனியனே, மரமா இருந்தா இந்நேரம் முகம் பார்த்திருக்கலாம்!" என்று விளக்கைத் திட்டினார்.

சரி, ஒரு கை வார்னிஷ் பூசினால் கோடு மறையும் என்று பூசினார். மறைந்தது. பதிலுக்கு விளக்கு மஞ்சளாகித் திட்டுத் திட்டாக வழிந்தது. ஆத்திரத்தில் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தார். பிளாஸ்டிக் முழுக்க மயிரிழை வெடிப்பு ஓடியது. துணியைச் சுருட்டி எறிந்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

மனைவி பையோடு வந்து நின்றாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"இத்தனை மாசம் இதையேதானே ஓட்டினே, இன்னிக்கு மட்டும் என்ன அப்படிப் பாக்கறே?" என்று அவள்மேலேயே பாய்ந்தார்.

பிறகு இவரே ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்து, "ஏறு," என்றார்.

ஊர் விளக்குகள் முடிந்து சாலை இருண்ட இடத்தில் அவள் தோளைத் தட்டினாள். "இங்க கொஞ்சம் நிறுத்துங்க."

"என்ன?"

"நான் தினம் காரை நிறுத்தற இடம். ஏதாவது லாரி வந்தா அது வெளிச்சத்துல பின்னாடியே போயிடுவேன். வர்ற வரைக்கும் கதவைப் பூட்டிட்டு உள்ளயே உட்கார்ந்திருப்பேன்."

சுற்றிலும் ஒரு வீடு இல்லை. தினம் இந்த இடத்தில் இவள் தனியாக உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டிருக்கிறார். எஞ்சினை அணைத்துவிட்டு, அங்கேயே நின்று போனை எடுத்தார்.

"மாப்ளே, காலையில ரெண்டு பக்கத்துக்கும் புது ஹெட்லைட் வாங்கிட்டு வா. என்னாச்சுன்னு கேக்காதே. நான்தான் கெடுத்தேன்."