ஆட்டிடம் கேட்ட உத்தரவு

எங்கள் பக்கத்தில் அம்மனுக்கு ஆடு வெட்டுவதற்கு முன்னால் அந்த ஆட்டிடம் சம்மதம் கேட்பார்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் உத்தரவு கிடைத்துவிட்டது, அம்மனும் ஏற்றுக்கொண்டாள், ஆடும் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே பம்பை முழங்கும், கத்தி இறங்கும். சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். உடம்பில் ஈரம் பட்டால் அநேகமாக எல்லா ஆடும் சிலுப்பத்தான் செய்யும் என்பதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியைச் சுற்றி வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்த சமயம், கவரைப்பேட்டையைத் தாண்டியிருந்த ஒரு காலனிக்கு நான் மருமகளாகப் போனேன். அதுவரை ஊர்க்காரர்களின் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்த ஜனங்கள், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் ஷிப்டுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஹெல்பர்.

அந்தக் காலனியில் மாட்டுக்கறியை நிறுத்தியிருந்தார்கள். நான் போவதற்குச் சில வருஷம் முன்பே பெரியவர்கள் கூடி எடுத்த முடிவாம் அது. ஆலை கேன்டீனில் நம் ஆட்கள் டிபன் கேரியரைத் திறக்கும்போதெல்லாம் ஊர்ப் பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்களாம். கேரியரில் இருந்தது கத்தரிக்காய்க் குழம்பு. கத்தரிக்காய்க்கு எதற்கடா மூக்கைப் பொத்துகிறாய் என்று ஒருவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வீட்டுக்கு வந்து, தலைமுறை தலைமுறையாகத் தின்றதை விட்டுவிட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். இதைக் கேள்விப்பட்ட நாளிலேயே எனக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் எப்படி இருக்கும்? நான் பிறந்தது ஆரணிக்குப் பக்கத்தில், ஆற்றோரம். அறுபதுகளில் நான் பாவாடை கட்டித் திரிந்த வயதில், எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர் மாட்டுப் பொங்கலன்று தன் எருதுகளின் காலில் விழுந்து கும்பிடுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு மாலை, வாய்க்குச் சர்க்கரைப் பொங்கல். அதே எருது கால் நொண்ட ஆரம்பித்ததும் தரகன் வருவான். துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு இரண்டு பேரும் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எருது வண்டியேறிவிடும். எங்கே போகிறது என்று பண்ணைக்காரருக்கு நன்றாகத் தெரியும். தொழுவத்திலேயே ஏதாவது செத்துவிட்டால், எங்கள் தெருவுக்கு ஆள் வரும். "வந்து இழுத்துக்கினு போங்கடா." இழுத்துக்கொண்டு போனால் தோலும் கறியும் எங்களுக்கு. கூலி என்று தனியாக ஒன்றும் கிடையாது. கும்பிட்டவர் அவர், விற்றவர் அவர், இழுக்கச் சொன்னவர் அவர். தின்றது மட்டும் நாங்கள். ஆனால் பாவம் மொத்தமும் எங்கள் தலையில் வந்து உட்கார்ந்தது. அவருடைய பம்புசெட் தண்ணீரில் எங்களைக் கை வைக்க விடாததற்கு அதுதான் காரணமாம்.

என் நைனா கட்டை வண்டி ஓட்டினார். மாட்டுக்கறி என்றால் அவருக்கு உயிர். ஆனால் தன் வண்டியில் பூட்டிய எருது செத்தபோது, குழி தோண்டிப் புதைத்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். "நம்ம கூட ஒழைச்சத நாம்ப துன்னக் கூடாதும்மா" என்றார். "அப்போ அடுத்தவன் கூட ஒழைச்சத துன்லாமா நைனா?" என்று கேட்டேன். "இந்த வாய வெச்சிக்கினு எந்த ஊட்ல குப்ப கொட்டப் போறியோ" என்றார். அவர் கணக்கிலும் ஓட்டை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஓட்டையைக் காட்டி அவர் யாரையும் தெருவில் நிறுத்தவில்லை.

மாமியார் கெட்டவர் என்று சொல்ல முடியாது. காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் சாப்பிட மாட்டார். மழை வந்தால் கோழிகளை மாரோடு அணைத்து உள்ளே கொண்டுவருவார். விருந்தாளி வந்தால் அதே கையால் அதில் ஒன்றின் கழுத்தைத் திருகுவார். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து மீன்காரப் பெண்கள் கூடையில் உயிர் நண்டு கொண்டுவந்தால் அவருக்கு அன்றைக்குத் திருவிழா. கொதிக்கிற சட்டியில் நண்டைப் போட்டு, அது மூடியை முட்ட முட்ட, கரண்டியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னோடு ஊர்க்கதை பேசுவார். அந்த நண்டிடம் யாரும் உத்தரவு கேட்டதில்லை.

கல்யாணமான மறுநாளே சொல்லிவிட்டார். "எங்க ஊட்ல அது கெடையாது. உங்க நைனா ஊட்டுக்குப் போனாலும் நீ அத தொடக் கூடாது." கறியின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார், 'அது'தான். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்கு வேலை நிரந்தரமானால் ஆடியில் ஆடு வெட்டுவதாக மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். வேலை நிரந்தரமாயிற்று. ஆடும் வந்தது. அதற்குத் தழை ஒடித்துப் போட்டதும் தண்ணீர் காட்டியதும் நான்தான். அதற்காக அந்த ஆட்டின்மேல் எனக்குப் பாசம் பொங்கியது என்று நினைக்க வேண்டாம். என் நல்ல புடவை ஒன்றைக் கொடியிலிருந்து இழுத்து மென்று போட்ட சனியன் அது. ஈரல் யாருக்குப் போகும், எனக்குக் கிடைக்குமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் பிறந்த வீட்டுக்குப் போய்வந்தேன். திரும்பியதும் மாமியார் கேட்டார்.

"இன்னா சாப்ட்ட உங்க நைனா ஊட்ல?"

"கறிக் கொழம்பு அத்தே."

"இன்னா கறி?"

"மாட்டுக்கறி."

கேட்டார், சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தது என் புத்தி.

ஆடு வெட்டுகிற அன்று காலனி முழுக்கக் கோயிலடியில் கூடியிருந்தது. ஆட்டுக்கு வேப்பிலை மாலை போட்டு நிறுத்தினார்கள். பூசாரி ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். ஆடு அசையவில்லை. இன்னொரு செம்பு. அசையவில்லை. அன்றைக்கென்று காற்றே இல்லை, வெயில் கொளுத்தியது. தண்ணீர் பட்டது அதற்குச் சுகமாக இருந்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு நின்றது. பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்தினார்.

"ஊட்ல எதுனா தீட்டு கீட்டு கீதா?" என்று பூசாரி கேட்டார்.

மாமியார் காத்துக்கொண்டிருந்தவர்போல் பேசினார். "என் மருமவ போன வாரம் அவங்க நைனா ஊட்ல அத துன்னுட்டு வந்துகீறா. அதான் ஆத்தா மொறைக்கிறா."

அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு பெரியவரும் சின்ன வயதில் அதைத் தின்று வளர்ந்தவர். அவர்கள் முகத்தில் இருந்த அருவருப்பைப் பார்க்க வேண்டுமே. பண்ணைக்காரர் முகத்தில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசாரி தீர்ப்புச் சொன்னார். நான் தலை முழுகிவிட்டு ஈரப்புடவையோடு வரவேண்டும். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு என் கையால் ஆட்டுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆடு சிலுப்பினால் அம்மன் மன்னித்துவிட்டாள். சிலுப்பாவிட்டால் நான் அந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத எனக்கு அந்த வீட்டில் இடம் உண்டா இல்லையா என்பதை ஓர் ஆடு சொல்லப்போகிறது.

குளித்துவிட்டு வந்தேன். செம்பைக் கையில் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் நல்ல மனசோடுதான் கிசுகிசுத்தாள். "காதுக்குள்ள ஊத்துடி. தானா சிலுப்பும்."

அதுதான் சங்கதி. எவ்வளவு அழுத்தக்கார ஆடாக இருந்தாலும் காதுக்குள் தண்ணீர் போனால் சிலுப்பாமல் இருக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும், பூசாரிக்குத் தெரியும், அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வேறொரு நாளாக இருந்தால் இரண்டாவது செம்பிலேயே பூசாரி காதில் ஊற்றிக் காரியத்தை முடித்திருப்பார். அன்று ஆட்டைவிட என்னை வேடிக்கை பார்ப்பது அவர்களுக்கு ருசியாக இருந்தது.

முதுகில் ஊற்றினேன். ஆடு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது, தழை கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கும். செம்பில் இன்னும் தண்ணீர் இருந்தது. காது என் கைக்கு அருகில்தான் இருந்தது. கொஞ்சம் சாய்த்தால் போதும், எனக்கு வீடு கிடைத்துவிடும். ஆனால் அப்படிச் செய்தால் நான் தின்றது குற்றம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. ஆட்டுக்கும் ஒரு பொய்ச் சம்மதம், எனக்கும் ஒரு பொய்ச் சம்மதம். செம்பைக் கீழே வைத்தேன்.

"கேட்டாச்சி. அது வேணாங்குது. உட்ருங்க" என்றேன்.

"இன்னாமே பேசற?" என்றார் பூசாரி.

"கேக்கறதுன்னா வேணான்னு சொன்னாலும் உடணும். வெட்டத்தான் போறீங்கன்னா அத எதுக்கு கேக்கறீங்க? துன்னணும்னு ஆசையா கீது, வெட்டித் துன்னுங்க. ஆடு சொல்லிச்சி, ஆத்தா சொன்னான்னு அதுங்க மேல போடாதீங்க."

மாமியார் வந்து செம்பை எடுத்தார். ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஊற்றினார். ஆடு தலையிலிருந்து வால்வரை உதறிச் சிலுப்பிய வேகத்தில் வேப்பிலை மாலை அறுந்து விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள், பம்பை முழங்கியது, ஆட்டின் கதை முடிந்தது. அம்மன் என்னை மன்னித்துவிட்டாள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஆடு மாமியாரின் பக்திக்குச் சிலுப்பியதாம். என் தீட்டு அப்படியேதான் இருந்தது.

மத்தியானம் வீட்டில் விருந்து. என்னை அடுப்படிக்குள் விடவில்லை. எனக்கு நல்ல பசி, குழம்பு வாசனையும் தூக்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் யாரோ கொண்டுவந்து வைத்த தட்டை நகர்த்திவிட்டேன். "மாட்டத் துன்றவளுக்கு ஆட்டு மேல இன்னா எரக்கம்?" என்று ஒருத்தி சிரித்தாள். இரக்கம் கொஞ்சம் இருந்தது, மறைக்க மாட்டேன், கோபம்தான் நிறைய. ஆடு, கோழி, நண்டு எல்லாம் தின்றுவிட்டு வாயைத் துடைத்தால் சுத்தமாகிவிடுகிறவர்கள், ஒரே ஒரு மிருகத்தை வைத்து மனிதரை அளப்பார்களாம். அந்த அளவுகோல்கூட அவர்களுடையது இல்லை. மூக்கைப் பொத்தியவன் கொடுத்தது.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் நின்ற இடத்துக்கு வந்தார். என்னைச் சமாதானப்படுத்த நினைத்தார், பாவம்.

"இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற? நானுந்தான் துன்றேன். ரோட்டாண்ட லாரிக்காரங்க சாப்புடற கடை கீது இல்ல, அங்க. எங்க ஆளுங்க பாதிப் பேரு அங்கதான் கீறாங்க. ஊர்க்காரப் பசங்களும் வரானுங்க. துன்னுட்டு வெத்தல போட்டுக்கினு வந்துடுவோம். யாரு வெளிய சொல்லிக்கினு கீறாங்க?"

சைக்கிளைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். "அத ஏன்யா நேத்து சொல்லல?"

"அத்தினி பேரு எதிர்லயா?" என்றார். நான் ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதே உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. மாமியார் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அந்த அம்மாவாவது நம்பிச் செய்தார். இவர் வாயில் ருசி இருக்கும்போதே என்னைத் தெருவில் நிற்க விட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் சைக்கிள் திரும்பியதும் துணியை மூட்டை கட்டிக்கொண்டு ஆரணிக்கு பஸ் ஏறினேன்.

ஆடி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப்போக வந்தார். புதுச் சட்டை, கையில் பழம். "அம்மாகிட்ட பேசிட்டேன். இனிமே தொட மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு, போதும். அப்புறம் உன் இஷ்டம், யாரு பாக்கப் போறா?" என்றார். நைனா கேட்டுக்கொண்டே இருந்தார். "மொதல்ல சாப்புடு மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

என் அம்மா அன்றைக்கு எதைச் செய்திருந்தாளோ அதைத்தான் வைத்தாள். சுடுசோறு, மாட்டுக்கறி வறுவல். அவர் கண் முதலில் தட்டுக்குப் போனது, பிறகு வாசலுக்கு. தெருவில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்து, ஆசையோடு முதல் கவளத்தை எடுத்தார்.

நான் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தேன். காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அம்மிக் குழவியை எடுத்து முட்டுக் கொடுத்தேன்.

"இப்ப துன்னுய்யா" என்றேன்.