எண்பதுக்கு இருபது

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் மூத்த அண்ணனுக்கு, ஊரில் நல்ல பெயர் இருந்தது. அவருடைய வேலிக்கு அவ்வளவு நல்ல பெயர் இருக்கவில்லை.

மாமாவின் வளவும் எங்கள் பள்ளிக்கூடமும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் கிளுவை மரத்துக் கம்புகளைக் கதியாலாக நட்டுப் பனையோலை வைத்து அடைத்த வேலி. அதை வருடத்துக்கு ஒரு முறை புதிதாக அடைப்பார். வேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இந்தப் பக்கமிருந்து குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் விட, மற்றவர் அந்தப் பக்கமிருந்து வாங்கித் திருப்பி விடவேண்டும். பள்ளிக்கூடப் பக்கம் இருப்பது நான். ஆளை ஆள் பார்க்காமல் கதைக்கலாம் என்பதால் எனக்கு அந்த வேலை பிடிக்கும். மனிதர் முகத்தைப் பார்த்துப் பேசுவது எனக்கு அன்றும் இன்றும் கஷ்டம்தான்.

"மருமோன், ஊசியை விடு" என்பார் மாமா. விடுவேன்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருந்தது. பட்டுப்போனவை என்று சொல்லிக் கதியால்களை மாமா அலவாங்குக் கடப்பாரையால் கிளப்புவார். புதியதை அதே குழியில் நட மாட்டார். பள்ளிக்கூடப் பக்கமாக ஒரு சாண் தள்ளி நடுவார். பழைய குழிகளை மண் போட்டு மூடி, மேலே சருகு பரப்புவது என் பொறுப்பு. "பழங்குழியிலை கறையான் இருக்கும்" என்றார் ஒரு முறை. நான் நம்பினேன். இரண்டாவது வருடம் பாதிதான் நம்பினேன். மூன்றாவது வருடம் மாட்டுக்கொட்டிலில் தொட்டியை நகர்த்தியபோது அதற்கடியில் ஒரு கல்லைக் கண்டேன். தலையில் குறி வெட்டிய, நில அளவையாளர் நட்ட எல்லைக்கல். மாமா தொட்டியை மறுபடி அதன்மேல் இழுத்து வைத்தார். அந்த நாளிலிருந்து அந்தக் கல் எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த இரகசியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். கிடுகுக் கொட்டில் ஒன்றில் ஐந்து வகுப்பும் நடக்கும். நிரந்தரக் கட்டடம் இருந்தால்தான் ஆறாம் வகுப்புக்கு அனுமதி என்று கல்விக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். நான் அப்போது ஐந்தில் இருந்தேன். ஆறாம் வகுப்புள்ள பள்ளிக்கூடத்துக்குச் சுன்னாகம் வரை பஸ்ஸில் போகவேண்டும். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போன என் தகப்பன், ஐயா, தன் கணக்கை ஒரே வரியில் சொல்லிவிட்டார். "இஞ்சை ஆறாம் வகுப்பு வந்தால் படி. வராட்டி என்னோடை வா."

அந்த வருடம் கட்டடம் அனுமதியாகிவிட்டது. ஆவணி மாதம் கட்டட வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் வரைபடத்தோடும் நாடாவோடும் வந்தார். கட்டட அளவு எண்பது அடிக்கு இருபது அடி. இப்போதே அத்திவாரம் வெட்டினால் வருட முடிவுக்குள் சுவர் எழும்பும், தை பிறந்ததும் அடுத்த வருடக் காசில் கூரை போடலாம், உடனே ஆறாம் வகுப்பைத் தொடங்கலாம் என்றார். நான் அன்றைக்கே மனத்துக்குள் ஆறாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அளக்கும்போது நாடாவின் மறு நுனியைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. எத்தனையோ பெரிய பெடியன்கள் கை தூக்கியிருக்க, தலைமையாசிரியரான அதிபர் கை தூக்காத என்னைக் கூப்பிட்டார்.

"நீ வேலிப் பக்கம் போய்ப் பிடி. உனக்கு அந்த இடம் தெரியும்தானே."

"ஓம் சேர்."

மேற்கே பக்கத்து வளவுக் கடைக்காரரின் மதிலிலிருந்து கிழக்கே மாமாவின் வேலி வரை அளந்தார்கள். எழுபத்து நாலு அடி. ஓவசியர் இரண்டாவது தரமும் அளந்தார். அதே எழுபத்து நாலு. ஐந்தாம் வகுப்புக் கணக்கு எனக்கு நன்றாக வரும். ஒரு சாண் ஒன்பது அங்குலம். மாமா இப்படி வேலி அடைக்கத் தொடங்கி எட்டு வருடம்; அதற்கு எழுபத்திரண்டு அங்குலம். அதாவது ஆறடி.

பெற்றார் கூட்டம் கூடியது.

"ஆறடியைக் குறைச்சுக் கட்டுங்கோவன்" என்றார் ஒருவர்.

"இது கொழும்பிலை கீறின படம். எண்பதுக்கு இருபது எண்டால் எண்பதுக்கு இருபதுதான். எழுபத்து நாலுக்குக் காசு வராது" என்றார் ஓவசியர். "மார்கழிக்குள்ளை செய்த வேலைக்குத்தான் பில் போடலாம். மிச்சக் காசு திரும்பிப் போயிடும்."

"அப்ப மற்றப் பக்கமாய்த் திருப்பிப் போட்டால் என்ன?"

அதற்கு அதிபர் எழுந்தார். "பின்னேர வெயில் பிள்ளையளின்ரை முகத்திலை அடிக்கும். அது சரிவராது." ஓவசியரும் தலையாட்டினார். பிறகு அதிபர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆறடி தருகிறவரின் பெயரைக் கல்லில் வெட்டி வாசலுக்கு மேலே பதிப்போம் என்றும், கடைக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார் என்றும் அறிவித்தார்.

மாமா கூட்டத்தின் பின்வரிசையில் இருந்தார். அவருக்கும் கடைக்காரருக்கும் கோயில் திருவிழாவில் தொடங்கிய பகை பத்து வருடமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொரிந்து தள்ளினார். "என்ரை வீட்டுக்கு முன்னாலை, என்ரை கண்ணுக்கு நேரை, உவன்ரை பேரோ?"

இரண்டு கிழமை யோசித்தார். பிறகு அதிபரிடம் போய், "மாஸ்டர், நான் தாறன்" என்றார்.

அம்மாவால் நம்பமுடியவில்லை. "அண்ணை காணி குடுக்கிறாரோ? வெயிலுக்கை கனநேரம் நிண்டிட்டாரோ?"

ஐயா சோற்றிலிருந்து தலை தூக்காமல், "குடுக்கிறதைக் குடுக்கட்டும். நீ வாய் வையாதை" என்றார்.

நன்கொடை உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசிடம் போனார்கள். மாமாவின் பழைய உறுதியைத் தேட ஒரு கிழமை போனது. கல்லில் தன் பெயருக்கு முன்னால் என்ன பட்டம் போடுவது என்பதில் மாமாவுக்கு இன்னொரு கிழமை போனது. ஆறு கிழமைகள் கழிந்து, ஐப்பசி மழை தொடங்கியபின் காணி கையளிக்கும் நாள் வந்தது. மாமாவுக்கு மாலை போடத் தெரிவு செய்யப்பட்ட மாணவன் நான்.

அன்று காலை அதிபரின் அறை வாசலில் போய் நின்றேன். குழி, சருகு, கல் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். திருடியதைத் திருப்பித் தருகிறவருக்கு, திருட உதவியவனே மாலை போடுவது எனக்கு முறையாகப் படவில்லை.

"என்னடா?" என்றார்.

"ஒண்டுமில்லை சேர்."

"ஒண்டுமில்லையெண்டால் போய் முகத்தைக் கழுவு" என்றார்.

வேலியைப் பிரித்தாயிற்று. மாட்டுக்கொட்டிலையும் தொட்டியையும் முதல் நாளே அகற்றியிருந்தார்கள். மேற்கு மதிலிலிருந்து எண்பது அடிக்கு நாடா இழுத்தார்கள். அது நேரே எல்லைக்கல்லுக்கு வந்தது. மாமா அதற்கு முன்பே அங்கே போய், பட்டுவேட்டி மண்ணில் புரளக் கல்லின்மேல் நின்றுகொண்டிருந்தார். பேச்சு நடந்தபோது அங்கேயே நின்றார். மழைத் தூறல் விழுந்தபோதும் நகரவில்லை. நான் மாலையைத் தூக்கிப்போட எட்டாமல் துள்ளவேண்டியிருந்தது. கல்லின்மேல் நின்றதால் மாமா அன்று வழமையை விட உயரமாக இருந்தார்.

கடைசியில் ஓவசியர், "ஐயா, கொஞ்சம் விலகுங்கோ, முளை அடிக்கோணும்" என்றார்.

மாமா விலகினார். கல் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மரச்சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. திறந்து பார்த்தபோது, முளை கல்லோடு ஒட்டியபடி நின்றது. ஓவசியர் கை தட்டி மண்ணை உதறினார். அதிபர் வானத்தைப் பார்த்து, "மழை பெலக்கப் போகுது" என்றார். இவ்வளவு படித்த மனிதர்களுக்குக் கண் இவ்வளவு மோசமா என்று நான் வியந்தேன்.

மழை பலத்தது. அத்திவாரக் குழிக்குள் தண்ணீர் நின்றது. மார்கழியில் அளந்தபோது பில் போட அத்திவாரம் மட்டும்தான் இருந்தது. மிச்சக் காசு திரும்பிப் போனது. அடுத்த வருடம் சுவர், அதற்கடுத்த வருடம் கூரை என்று காசு துண்டுதுண்டாக வந்தது. நான் தையிலேயே தோட்டத்துக்குப் போய்விட்டேன். பிறகு மேசன் வேலைக்கு மாறினேன். அந்தக் கூரைக்கு ஓடு சுமந்தவர்களில் நானும் ஒருவன். தலையில் ஓட்டோடு ஆறாம் வகுப்புக்குள் போனேன்.

பிறகு சண்டை வந்தது. ஊரே இடம்பெயர்ந்தது. பல வருடங்களுக்குப்பின் திரும்பி வந்தபோது வேலி என்று ஒன்றும் இருக்கவில்லை. வீடுகள் இருந்த இடத்தில் பற்றைக்காடு. எவருக்கும் தன் காணி எங்கே தொடங்குகிறதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கூரை போயிருந்தது, சுவர் அப்படியே நின்றது. அந்தக் கிழக்குச் சுவரிலிருந்து நாடா பிடித்துத்தான் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த எல்லோரும் தங்கள் எல்லைகளைக் கண்டுபிடித்தார்கள். தள்ளாத வயதில் மாமாவும் வந்தார். "மருமோன், சுவரிலையிருந்து பிடி. அதுதான் சரியான எல்லை" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. அவரும் அதிபரும் இப்போது இல்லை.

போன வருடம் அந்தக் கட்டடத்துக்குப் புதுக்கூரை போட மறுபடி அரசாங்கக் காசு வந்தது. வேலையை ஊர்ச் சங்கத்திடம் கொடுத்தார்கள். தலைமை மேசன் நான். என் வேலையில் ஓர் அங்குலம் பிழை பிடிக்க ஒருவராலும் முடியாது என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்வேன். மேற்பார்வைக்கு வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஓர் இளம்பெண். ஒருநாள் பிற்பகல் மூன்றரை மணிக்குக் கோப்போடு வந்து கேட்டாள்.

"ஐயா, இன்னொரு கட்டடம் கேட்டு எழுதப்போறம். எண்பதுக்கு இருபத்தைஞ்சு. இடம் காணுமோ எண்டு பாருங்கோ."

கிழக்கு மேற்காக இடம் முடிந்திருந்தது. ஆகவே தெருவிலிருந்து தோட்டக்கரை வரை, வடக்குத் தெற்காக நாடாவை இழுத்தேன். அந்தப் பக்கத்தை என் வாழ்நாளில் முதல் தடவையாக அளந்தேன். நூற்றுப் பன்னிரண்டு அடி. மேற்கு மதிலோரம் வரிசையாக நிற்கும் வேம்புகள் அன்றும் நின்றவைதான். அவற்றின் கீழே இருந்து நாங்கள் மாங்காய் தின்றிருக்கிறோம். அந்தப் பின்னேரத்திலும் வளவின் அந்தப் பகுதி முழுவதும் நிழலாக இருந்தது. எந்தப் பிள்ளையின் முகத்திலும் வெயில் அடித்திருக்காது.

இடம் ஒருநாளும் குறைந்திருக்கவில்லை; அதிபருக்கு அது தெரிந்திருந்தது. அன்று திருப்பிப் போட்டிருந்தால் ஆவணியிலேயே அத்திவாரம் வெட்டியிருக்கலாம். தை பிறந்து கொஞ்ச நாளில் நான் ஆறாம் வகுப்பில் இருந்திருப்பேன். வேலியும் வருடத்துக்கு ஒரு சாணாக நடந்துகொண்டே இருந்திருக்கும்.

வாசலுக்கு மேலே மாமாவின் பெயர் வெட்டிய கல் இருந்தது. 'மனமுவந்து' என்ற சொல்லுக்கு முதல் நாள்தான் நான் கறுப்பு மை தீட்டியிருந்தேன். கிழக்குச் சுவரைப் பார்த்தேன். ஐம்பது குடும்பங்கள் அதிலிருந்து அளந்துதான் வீடு கட்டியிருக்கின்றன. அதில் என் வீடும் ஒன்று.

"என்ன ஐயா, யோசிக்கிறியள்? அளவு பிழையோ?"

"இல்லை மிஸ்" என்று நாடாவைச் சுருட்டினேன். "அளவு சரி."