சவரிமுத்து சேரின் நான்கு தட்டு அலுமாரி

"அப்பா போயிட்டாரு டீச்சர்" என்று சவரிமுத்து சேரின் இளைய மகன் அருள் தொலைபேசியில் சொன்னான். நான் அழத் தொடங்குவதற்குள் அவனே தொடர்ந்தான்: "கொஞ்சம் வெள்ளன வாங்க. அப்பா கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு, அதக் காணோம். மலர்ச்சாலைக்காரங்க பெட்டியோட வந்து உடுப்பு கேட்டு நிக்கிறாங்க."

கந்தப்பளையில் என்னைப் போலச் சேரோடு சேர்ந்து படிப்பித்தவர்களும் அவரிடம் கணக்குப் படித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அந்த வீட்டில் உடுப்புத் தேடாத நாளே கிடையாது. ஆனால் அந்தக் கோட்டு இல்லாமல் தன்னைப் பெட்டியில் வைக்கக் கூடாதென்று சேர் எங்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஓய்வுபெற்ற கையோடு வீட்டுத் துணிகளின் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். அவர் மனைவி பிலோமினா அக்கா முதலில் சந்தோஷப்பட்டார். அது அதிக நாள் நீடிக்கவில்லை. எங்கள் ஊரில் துணி துவைப்பது ஒரு வேலையே இல்லை, காயவைப்பதுதான் வேலை. காலையில் பனி, மத்தியானம் மழை, சாயங்காலம் மறுபடி பனி. நடுவில் வெயில் எட்டிப் பார்த்தால், யார் கண்ணில் பட்டாலும் "வெயில்!" என்று கத்த வேண்டும் என்பது சேரின் சட்டம். ஒருமுறை அவர்களோடு நானும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் ஜன்னலைப் பார்த்த சேர் அவசரமாக ஓர் ஆமென் போட்டுவிட்டு, ஈரத்துணிப் பேசினைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். பின்னாலேயே குடும்பம் முழுதும் ஓடியது. திரும்பி வந்தவர், "மாதாவும் புள்ள வளத்தவங்கதானே டீச்சர், ஈரத்துணி கஷ்டம் அவங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

காய்ந்ததை அடுக்குவதில்தான் அவர் மூளை முழுவேகத்தில் ஓடியது. ஊரில் எல்லாரும் உடுப்பை ஆளுக்காள் பிரித்து வைப்பார்கள். சேர் போகிற இடத்தின்படி பிரித்தார். அலுமாரியில் மேலிருந்து கீழாகக் கொழும்பு, கோயில், டவுன், வீடு என்று நான்கு தட்டு. கொழும்பு வெக்கைக்கு மெல்லிய துணி, கோயிலுக்கு நல்லது, டவுனுக்குச் சுமாரானது, வீட்டுக்குக் கிழிசல். எது யாருடையது என்ற பேச்சுக்கே இடமில்லை. "யாருதுன்னு கேக்காத, எங்க போறேன்னு சொல்லு" என்பார்.

இதனால் பெரிய மகன் ஜோசப் தன் நிச்சயதார்த்தத்தன்று, கோயில் தட்டில் கைக்கு வந்த அருளின் காற்சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அருள் ஒல்லி, ஜோசப் அவனைப் போல இரண்டு மடங்கு. பூசை முடியும்வரை அவனால் உட்காரவும் முடியவில்லை, முழங்காலிடவும் முடியவில்லை. நின்றபடியே செபிக்கும் மாப்பிள்ளையைப் பார்த்துப் பெண் வீட்டார் அசந்துபோனார்கள். "பாத்தீங்களா, நம்ம அலுமாரி செஞ்ச வேலைய" என்று சேர் என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஜோசப் கோயில் தட்டை அப்படியே கட்டிலில் கொட்டியிருந்தான். அருள் கொழும்பைக் கலைத்துக்கொண்டிருந்தான். மலர்ச்சாலைக்காரர் வாசலில் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். "வேற கோட்டு போட்டா என்னம்மா?" என்று ஜோசப் கேட்டதும் அக்காவுக்கு வந்ததே கோபம்.

"அந்தக் கோட்டோட நின்னுதாண்டா எனக்குத் தாலி கட்டுனாரு. அது இல்லாம அவர அனுப்ப மாட்டேன்!" என்றவர், கலைந்து கிடந்த துணிகளைப் பார்த்து, "இருக்கும்போதும் தேட வச்சாரு, போயும் தேட வைக்கிறாரே" என்றார்.

டவுன் தட்டிலும் இல்லை. கிழிசல் கிடக்கும் வீட்டுத் தட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. வேறு வழியில்லாமல் அக்காதான் குனிந்து அதைக் கிளறினார். பழைய சாரங்களுக்கு அடியில் கோட்டு இருந்தது, இஸ்திரி போட்டு, பூச்சி உருண்டையோடு. அதன்மேல் அக்காவின் கல்யாணச் சேலை.

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு அலுமாரியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாரு டீச்சர். என்ன செய்றீங்கன்னு கேட்டேன். 'இனி எங்கயும் போறதா இல்ல புள்ள, நல்லதெல்லாம் வீட்டுக்கே இருக்கட்டும்'னாரு. மனுசனுக்குப் புத்தி கலங்கிருச்சுன்னு ஏசிட்டுப் போயிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அழுகையாக மாறியபோது நாங்கள் எல்லாரும் சேர்ந்து அழுதோம்.

சேரின் அலுமாரி என் வீட்டுக்குச் சரிவராது. என் கணவரும் மகனும் ஒரே அளவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கடைசித் தட்டை மட்டும்தான். போன ஞாயிறு, பெட்டிக்குள்ளேயே கிடந்த என் பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினேன். கணவர் பதறிப்போய், "எங்க போற?" என்றார்.

"எங்கயும் போகல. உக்காருங்க, குடிப்போம்" என்றேன்.